திறக்காத சாவுச் செய்தி

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குச் செய்தி வந்தது. கொரியாவின் கிழக்குக் கரையில் உல்ஜின் துறைமுகச் சந்தையில் அது ஓய்ந்த நேரம். நண்டு ஏலம் முடிந்து தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஓரங்களில் தேங்கிய தண்ணீர் உறைய ஆரம்பித்திருந்தது. ஒக்புன் தன் கடையில் சூடேற்றும் மின்சாரப் பாய்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, காய்ந்த கணவாய்களை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். இடுப்புப் பைக்குள் கைபேசி அதிர்ந்தது. அதே நேரத்தில் எதிரே நண்டுக்கடை தல்சிக்கின் கைபேசியும் கத்தியது. பக்கத்துச் சூப்புக் கடையிலும் ஒன்று மணியடித்தது. வரிசை நெடுக ஆளாளுக்குக் கையுறையைக் கழற்றுவது தெரிந்தது.

"மறைவுச் செய்தி. தோ கியுன்சோப் அவர்கள் திங்கட்கிழமை மாலை காலமானார். துக்கம் காப்பவர்: தங்கை தோ மியங்சுக். இடமும் நேரமும் அறிய இங்கே தொடவும்."

அதற்குக் கீழே நீல எழுத்தில் ஓர் இணைப்பு. அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்திலும் தோ கியுன்சோப் என்றே இருந்தது.

அது உண்மையான செய்தி. சந்தையில் எல்லோருடைய கணினியையும் கைபேசியையும் பழுதுபார்த்துக் கொடுத்த கியுன்சோப் நிஜமாகவே செத்துப்போயிருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. அதற்குள் சந்தையிலிருந்து யாராவது சாவுக்கூடத்துக்குப் போய், அவர் படத்தின் முன்னால் ஊதுபத்தி ஏற்றி, இரண்டு முறை விழுந்து கும்பிட்டிருக்க வேண்டும். ஊரில் அவருக்கு வேறு ஆட்கள் இல்லை.

தல்சிக்தான் முதலில் சிரித்தான்.

"அக்கா, பாத்தியா? நம்ம மொதலாளி மறுபடியும் செத்துட்டாரு."

"இது எத்தனாவது தடவைடா?"

"யாரு எண்ணினா? எமனே சலிச்சுப்போய் வேற ஊருக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிருப்பான்."

சூப்புக் கடைக்காரி உள்ளேயிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "இந்தத் தடவை தங்கச்சியெல்லாம் சேத்திருக்காரே. அவருக்குத் தங்கச்சி உண்டா?"

"வாடகைக்குப் புடிச்சிருப்பாரு" என்றான் தல்சிக்.

அவர்கள் சிரித்ததில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அப்படிச் சிரிக்கும்படி அவர்களைப் பழக்கிவிட்டவரே கியுன்சோப்தான்.

அவர் இந்த ஊர்க்காரர் அல்ல. மலைக்கு அந்தப்புறம் மிளகாய் போடுகிற குடும்பம். இரண்டு வருடத் தொழிற்கல்லூரி முடித்துவிட்டு குமி நகரத்துத் தொலைக்காட்சித் தொழிற்சாலையில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலை வியட்நாமுக்குப் போயிற்று. அடுத்த வசந்தத்தில் மனைவி பிரிந்து தேகு நகரத்துக்குப் போனாள். பிள்ளை கிடையாது. மீனவர் சங்கத்தின் ஏலக்கூடத்தில் கணினி பொருத்துவதற்கு ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்று இங்கே வந்தவர், "நண்டு சீசன் முடியட்டும், கெளம்பிடறேன்" என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டே இருபது வருடம் இருந்துவிட்டார். பொதுக்குளியலறைக்கும் நூடுல்ஸ் கடைக்கும் நடுவில் ஓர் ஒற்றையறைக் கடை. பின்னால் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுக்கை. பெயர்ப்பலகையில் இரண்டு எழுத்து விழுந்து பல வருடமாகியும் அவர் ஒட்டவில்லை. "விழுந்தது என்னன்னு எல்லாருக்கும் தெரியும்ல, அப்புறம் என்ன?" என்பார்.

அந்த இருபது வருடமும் அவருடைய முக்கால்வாசி வேலை, சந்தைக்காரர்களை 'ஆமா' சொல்லவைப்பது. வரி கட்டப் போனால், வங்கிக் கணக்கைப் பார்க்கப் போனால், மீனவர் மானியத்துக்கு எழுதிப்போடப் போனால், திரை உடனே திறந்துவிடாது. முதலில் காவல் நிரல் ஒன்றை இறக்கிக்கொள் என்னும். அதை இறக்கினால் விசைப்பலகைக்குக் காவல் என்று இன்னொன்று. பிறகு சான்றிதழுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் இறங்கட்டுமா, இறங்கட்டுமா என்று கேட்கும். பிரவுசர் குறுக்கே நின்று தடுத்தால் படிவம் பாதியில் அழிந்துபோகும். மீன் செதில் ஒட்டிய விரல்களோடு வருகிறவர்களுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்ல முடியாது. அதனால் கியுன்சோப் செட்டிங்ஸுக்குள் போய், தானாக வரும் எல்லாவற்றையும் அனுமதி என்று போட்டுவிட்டு, ஒரே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார்.

"எது கேட்டாலும் ஆமான்னு அமுக்குங்க. மேல கேள்வி கேட்டா அதுக்கும் ஆமா. கல்யாணப் பொண்ணு மாதிரி இருங்க."

சந்தை அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய இலையுதிர்காலத்தில் ஒக்புனுக்கு ஒரு மறைவுச் செய்தி வந்தது. பள்ளித் தோழியின் தாய் இறந்துவிட்டாளாம், கூடத்துக்கு வழி தெரிய இங்கே தொடவும் என்று. சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்கலாமா? தொட்டாள். ஏதோ ஒரு கோப்பு தானாக இறங்கியது. நிறுவட்டுமா என்று கேட்டது. ஆமா என்றாள். இன்னும் ஏதோ கேட்டது. அதற்கும் ஆமா. தோழியின் தாய் உயிரோடுதான் இருந்தாள். ஆனால் ஒக்புனின் கைபேசி அவளுக்குத் தெரியாமலே அதே செய்தியை அவள் பெயரில் சந்தை முழுவதற்கும் அனுப்பிவிட்டது. ஒக்புன் அக்கா அனுப்பினால் யார் சந்தேகப்படுவார்கள்? பொழுது சாய்வதற்குள் நாலு கடைக்காரர்களின் கணக்கு துடைத்துவிட்டது போல் ஆயிற்று. அதில் ஒருவர் சிப்பி விற்கும் கிழவர் கம். முழங்கால் அறுவைக்கு வைத்திருந்தது அவ்வளவும் போயிற்று. அவர் அந்த வருடத்துக் குளிரோடு கடையை மூடினார். ஒக்புனை எதிரில் பார்த்தால் தெருவின் மறுபக்கம் நொண்டிக்கொண்டே கடந்துபோவார்.

ஒக்புன் கியுன்சோப்பின் கடையில் போய் உட்கார்ந்து அழவில்லை. கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"தம்பி, நீதானே சொன்ன, எது கேட்டாலும் ஆமான்னு அமுக்குன்னு?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தக் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆமாக்கா. நான்தான் சொன்னேன்."

மறுநாள் முதல் கடையை அரைநாள் பூட்டிவிட்டுச் சந்தையில் இறங்கினார். ஒவ்வொரு கடையாக, ஒவ்வொரு கைபேசியாக. குளிரில் விரைத்த விரலைத் திரை ஏற்றுக்கொள்ளாது. சூப்புக் கடை அடுப்பில் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டு வந்து தொடுவார்.

"இங்க பாருக்கா. மூணு புள்ளி. அதுக்குள்ள செட்டிங்ஸ். அதுக்குள்ள சைட்டுக்கான அனுமதி. அதுக்கும் உள்ள, தானா எறங்கற டவுன்லோடு. இதுவரைக்கும் அனுமதின்னு இருந்துச்சு. இப்ப தடு."

"எதுக்குடா இவ்வளவு ஆழத்துல ஒளிச்சு வச்சிருக்கானுங்க?"

"நீ கிம்ச்சி ஊறுகாய்ப் பானைய எங்க வைப்ப? நடுவாசல்லயா?"

தல்சிக்குக்கு இது புரியவில்லை. தடுத்தால் வரவேண்டியதும் வராதே என்றான்.

"நீ கடைல இல்லாதப்ப எவனோ ஒருத்தன் ஒரு பெட்டி மீனை எறக்கி வச்சிட்டுப் போறான். எடுத்துப்பியா?"

"நல்ல மீனா இருந்தா?"

"உன்கிட்ட வந்து சொல்றேன் பாரு, என்னைச் சொல்லணும்."

சூப்புக் கடைக்காரிதான் சரியான கேள்வியைக் கேட்டாள். "நெசமாவே சாவு விழுந்தா என்ன பண்றது?"

"நெசமாவே சாவு விழுந்தா வீட்டுக்காரங்க கூப்பிட்டுச் சொல்ல மாட்டாங்களா? பக்கத்து வீட்டுக்காரன் ஓடிவந்து சொல்ல மாட்டானா? லிங்க்கை மட்டும் நம்பிச் சாவுக்குப் போற அளவுக்கா நாம அநாதையாப் போயிட்டோம்?"

செட்டிங்ஸை மாற்றியதோடு அவர் விடவில்லை. கை பழகிய பழக்கம் செட்டிங்ஸைவிடக் கெட்டி என்று அவருக்குத் தெரியும். அதனால் பரீட்சை வைக்க ஆரம்பித்தார். எதிர்பாராத ஏதாவது ஒரு நாளில் தன் கைபேசியிலிருந்தே எல்லோருக்கும் பொய்யான மறைவுச் செய்தி ஒன்றை அனுப்புவார். தொட்டால் ஒரு கோப்பு இறங்கப் பார்க்கும். செட்டிங்ஸ் சரியாக இருந்தால் தடுக்கப்பட்டது என்று வரும். தொட்டவர் அவருக்கு நூடுல்ஸ் வாங்கித் தரவேண்டும். யாருமே தொடாவிட்டால் அவர் எல்லோருக்கும் அரிசிக் கள் வாங்கித் தருவார். அடுத்தவர் பெற்றோரைச் சாகடித்து விளையாடுவது பாவம் என்பதால் ஒவ்வொரு தடவையும் செத்தது அவரேதான். நண்டு கடித்துச் செத்தார், குளியலறையில் வழுக்கிச் செத்தார், மனைவி திரும்பி வந்துவிட்ட அதிர்ச்சியில் செத்தார். பரீட்சை நேரத்தில் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். "வாத்தியார்கிட்டயே விடை கேக்கறீங்களா?" என்று மறுநாள் திட்டுவார்.

பழியைச் சுமந்ததாலோ என்னவோ, இந்தப் பரீட்சையில் எல்லோரையும்விடக் கண்டிப்பானவள் ஒக்புன்தான். செய்தி வந்த உடனே எழுந்து நின்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்துவாள். "தொடாதீங்க! எவனாவது தொட்டா கையை ஒடிப்பேன்!"

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் கத்தினாள்.

தல்சிக் தொட்டான். வேண்டுமென்றுதான். "எஞ்சினு ஓடுதான்னு பாக்கறேன்க்கா" என்றான். திரை ஒரு நொடி வெள்ளையாக இருந்தது. பிறகு சிவப்பில் ஒரு வரி வந்தது. இந்தத் தளம் தானாகக் கோப்பை இறக்க முயன்றது, தடுக்கப்பட்டது. அவன் கைபேசியைத் தலைக்குமேல் தூக்கி எல்லோருக்கும் காட்டினான்.

"பாத்துக்கங்க! திருட்டுச் சரக்கு! நான் தொட்டது சோதனைக்கு, கணக்குல சேராது! மொதலாளி கள்ளு வாங்கித் தரணும்!"

அவர்கள் அறியாதது ஒன்று. ஊர்ச் சாவுக்கூடமும் கொஞ்ச நாளாக அறை எண்ணையும் வழியையும் ஒரு படமாகச் செய்து, இணைப்பைத் தொட்டதும் அது தானாக இறங்கும்படி வைத்திருந்தது. வயதானவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று செய்தது.

ஒக்புனுக்கு ஒரு நெருடல் இருந்தது. செய்தியை இன்னொரு முறை படித்தாள். நண்டு இல்லை, மனைவி இல்லை. ஒரு கேலியும் இல்லை. அவருடைய எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டேங்கறான்."

"என்னைக்கு எடுத்தாரு?" என்றான் தல்சிக். "இந்தத் தடவை கொஞ்சம் கஷ்டமான கேள்வியா போட்டிருக்காரு, அவ்வளவுதான். நீ பாஸுக்கா."

அவள் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கணவாயை எடுத்தாள்.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை காலை கியுன்சோப்புக்கு நெஞ்சு இறுக்கியது. யாரிடமும் சொல்லாமல் பேருந்து ஏறி பொஹாங்கில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனார். மாலையில் அங்கேயே முடிந்துவிட்டது. இஞ்சோனிலிருந்து தங்கை மியங்சுக்கும் அவள் கணவனும் வந்து சேர்ந்தார்கள். பொஹாங்கிலேயே முடித்துவிடலாம் என்றான் கணவன். மியங்சுக் கேட்கவில்லை. அண்ணனுக்கு உல்ஜினில்தான் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி உடலை இங்கே கொண்டுவந்தாள். ஊரில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. ஆகவே எல்லோரும் செய்வதைப்போல, செத்தவரின் கைபேசியிலிருந்தே அதிலிருந்த எண்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினாள்.

மதியம் சாவுக்கூடத்துச் சமையல்காரி ஒக்புனைக் கூப்பிட்டாள். துக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் சூப்போடு வைக்கும் கணவாயும் வேர்க்கடலையும் ஒக்புன் கடையிலிருந்துதான் போகும்.

"அக்கா, மூணாம் ரூமுக்குப் பெரிய பெட்டியா ஒண்ணு அனுப்பு."

"யாரு செத்தது?"

"வெளியூர்லேர்ந்து ராத்திரி கொண்டுவந்தாங்க. நான் அடுப்ப விட்டு இன்னும் நகரல. எக்கச்சக்க ஜனம் வரும்னு சொல்றாங்க, பெரிய ரூமா எடுத்திருக்காங்க."

"பெரிய இடம் போல."

"இருக்கும். கடலை கொஞ்சம் தாராளமாப் போடு."

ஒக்புன் நல்ல கணவாயாகப் பொறுக்கி அடுக்கினாள். கடலை இரண்டு கை கூடுதலாகப் போட்டாள். டெலிவரிப் பையன் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு போனான். சாயங்காலம் கியுன்சோப்பின் கடை பூட்டியிருந்ததைச் சூப்புக் கடைக்காரி பார்த்தாள். கள் வாங்கித் தரவேண்டும் என்று ஒளிந்துகொண்டார் என்று சொல்லிச் சிரித்தார்கள். தல்சிக் காலொடிந்த நண்டு ஒன்றை ஒதுக்கிவைத்தான். கியுன்சோப் அதைத்தான் வாங்குவார். கால் போனாலும் ருசி போகுமா என்பார்.

புதன்கிழமை விடிகிற நேரம். ஒக்புன் கடைக் கதவைப் பாதிதான் தூக்கியிருந்தாள். சமையல்காரி மறுபடி கூப்பிட்டாள்.

"அக்கா, அந்தப் பெட்டிய திருப்பி அனுப்பறேன். பிரிக்கவே இல்ல."

"எக்கச்சக்க ஜனம் வரும்னு சொன்னியே?"

"எங்க வந்தாங்க? ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. ஒரு மலர்வளையம் வரல. பானையோட சூப்பு அப்படியே கெடக்கு. அந்தத் தங்கச்சி, வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா எந்திரிச்சு நிக்கும், பக்கத்து ரூமுக்குப் போறாங்கன்னா மறுபடி உக்காரும். என் கண்ணால பாக்க முடியல. அந்த மனுஷன் உங்க சந்தைக்காரராமே? கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவராமே? எல்லாருமா சேந்து அப்படி என்னதான் பகை உங்களுக்கு?"

தூக்கிய கதவு ஒக்புனின் கையிலிருந்து நழுவித் தடதடவென்று கீழே இறங்கியது. எதிர்க்கடையில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் செருகிக்கொண்டிருந்த தல்சிக் திரும்பினான்.

"என்னக்கா?"

"வண்டிய எடு."

"நண்டு எறக்கணும்க்கா, ஏலக்காரன்..."

"வண்டிய எடுறா!"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் குழாயைப் போட்டான். நண்டு வண்டி ஊரைத் தாண்டி மேட்டில் ஏறியது. பின்னால் காலிப் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. அவள் ஒரே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவன் மேட்டின் உச்சிவரை வண்டியை முடுக்கிக்கொண்டே போனான். பிறகு பேச ஆரம்பித்து நிறுத்த முடியாமல் போயிற்று.

"நான் தொட்டேன்லக்கா? எல்லாரும் பாத்தீங்கல்ல? நான் தொட்டேன். தடுத்துடுச்சு. தொடாம இல்ல. நான் தொட்டேன்."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

"ஒரு போன் பண்ணியிருந்தா..."

"நான் பண்ணினேன்."



கூடத்து வாசலில் நீளமான கறுப்புப் பேருந்து எஞ்சினை ஓடவிட்டபடி நின்றது. சவப்பெட்டியை அடியறையில் ஏற்றியாகிவிட்டது. பெட்டியைத் தூக்க நண்பர்கள் ஆறு பேர் வேண்டும். கூடத்து ஆட்கள் மூன்று பேர், பேருந்து ஓட்டுநர், தங்கை கணவன், பக்கத்து அறைத் துக்கத்துக்கு வந்திருந்த முன்பின் தெரியாத ஒருவர் என்று ஆறு பேர் சேர்ந்து தூக்கியிருந்தார்கள். அந்தத் தெரியாத ஆள் இன்னும் வெள்ளைக் கையுறையோடு ஓரமாக நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

மியங்சுக்கின் கணவன் கறுப்புப் பட்டை கட்டிய படத்தை மார்போடு அணைத்துப் பேருந்துப் படிக்கட்டில் நின்றான். வசந்தத்தில் சந்தைக்காரர்கள் எல்லோரும் செர்ரிப்பூ பார்க்கப் போனபோது எடுத்த கூட்டப் படத்திலிருந்து கியுன்சோப்பை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். அவர் தோள்மேல் யாருடைய தோளோ இடித்துக்கொண்டு ஊதா நிறத்தில் கொஞ்சம் தெரிந்தது. ஒக்புன் அதைப் பார்த்தாள். அது அவளுடைய பஞ்சுச்சட்டை. இப்போதும் அதைத்தான் போட்டிருந்தாள்.

அவளிடம் துக்கப் பணம் வைக்கும் வெள்ளை உறை இல்லை. கறுப்பு உடை இல்லை. மீன் வாடை அடிக்கும் ஏப்ரனை அவிழ்த்துத் தரையில் போட்டாள். அந்தப் படத்தைப் பார்த்து, பேருந்துப் புகைக்கு நடுவில், தார்த்தரையில் விழுந்து கும்பிட்டாள். எழுந்து மறுபடி விழுந்தாள். ரப்பர் பூட்சோடு பக்கத்தில் விழுந்த தல்சிக் இரண்டாவது முறை எழவில்லை. நெற்றியைத் தரையிலேயே வைத்துக்கொண்டு கிடந்தான்.

கறுப்பு உடையில், தலையில் வெள்ளை நாடா குத்திய பெண் பேருந்திலிருந்து இறங்கி வந்தாள். கண்கள் காய்ந்திருந்தன.

"நீங்கதான் கணவாய் அக்காவா?"

ஒக்புன் தலையாட்டினாள்.

"அண்ணன் போன்ல அப்படித்தான் இருக்கு. நேத்து நீங்க கூப்பிட்டிருந்தீங்க. நான் உடுப்பு மாத்தப் போயிருந்தேன். வந்து பாத்துட்டு, சரி, இவங்க வந்துடுவாங்கன்னு நெனச்சேன். சாவு வீட்லேர்ந்து திரும்பக் கூப்பிட்டு, வாங்க வாங்கன்னு எப்படிங்க சொல்றது?"

"தங்கச்சி..."

"என் வீட்டுக்காரரு சின்ன ரூம் போதும்னாரு. நான்தான் கேக்கல. வருஷா வருஷம் அண்ணன்கிட்ட சொல்லுவேன், வயசாகுது, தனியாக் கெடக்காத, எங்ககூட வந்துடுன்னு. எனக்கென்னடி, எனக்கு ஒரு சந்தையே இருக்குங்கும்." குரல் உயரவில்லை. "நீங்க வந்ததுக்கு நன்றிங்க. இவ்வளவு காலைல."

அந்த நன்றியை ஒக்புனால் தாங்க முடியவில்லை. கைபேசியை எடுத்துச் செய்தியைத் தொட்டுக் காட்டினாள். சிவப்பு வரி வந்தது. பரீட்சையைப் பற்றி, பொய்ச் சாவுகளைப் பற்றி, சிப்பிக் கிழவரைப் பற்றி எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டினாள். சொல்லச் சொல்ல அது சாக்குப்போக்கு போலவே ஆகிக்கொண்டு வந்தது அவளுக்கே தெரிந்தது. மியங்சுக் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். முகத்தில் நம்பிக்கை இல்லை.

"அண்ணன் இப்படி வெளையாடக்கூடிய ஆள்தான். ஆனா லிங்க் திறக்கலைன்னு சொல்லாதீங்க. எனக்கும் பயம் இருந்துச்சு. அனுப்பறதுக்கு முன்னாடி இதே போன்ல தொட்டுப் பாத்தேன். இந்தாங்க, பாருங்க."

கியுன்சோப்பின் பழைய கைபேசியைத் தன் பையிலிருந்து எடுத்துத் தொட்டாள். உடனே படம் இறங்கித் திரை நிறைய விரிந்தது. மூன்றாம் அறை. புதன் காலை ஏழு மணி. சந்தையிலிருந்து வரும் வழி அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தது.

ஒக்புன் இரண்டு கைபேசிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். தல்சிக் எழுந்து வந்து தன்னுடையதையும் தொட்டான். சிவப்பு வரி.

கூடத்து மேலாளர் கணக்கு முடிக்க வந்தவர், மூவருக்கும் பின்னால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார்.

"உங்க சந்தைக்காரங்க போன்லதான் எங்க படம் எறங்க மாட்டேங்குது. போன மாசம் மருந்துக் கடைக்காரரோட அம்மா காரியத்துக்கே, சாவை நேர்ல கேள்விப்பட்டவங்க லிங்க்கைத் தொடாம ஒவ்வொருத்தரா கூப்பிட்டு வழி கேட்டாங்க. நான் தோ மொதலாளிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். வெள்ளிக்கிழமை அவரே நேர்ல வந்தாரு."

"என்ன சொன்னான்?"

"தப்பு தன்மேலதான்னாரு. எல்லாத்தையும் ஒரேயடியா அடைச்சிட்டேன், உங்களுக்கு மட்டும் ஒரு சந்து விடணும்னாரு. எங்க தளத்து முகவரிய அனுமதிக்கற எடத்துல சேத்தாப் போதுமாம். சரியா வருதான்னு பாக்க, என் மேசைலயே உக்காந்து தன்னோட போன்ல சேத்தாரு. வந்துச்சு. திங்கக்கிழமைலேர்ந்து கடை கடையா வந்து எல்லாருக்கும் சேத்து விடறேன்னு சொல்லிட்டு, காப்பி குடிச்சிட்டுப் போனாரு."

பேருந்து ஓட்டுநர் ஒருமுறை ஒலியெழுப்பினார். எரிமேடையில் எட்டு மணிக்கு இடம் வாங்கியிருந்தது. மியங்சுக் தலைகுனிந்து வணங்கிவிட்டு ஏறிக்கொண்டாள். ஒக்புனையும் தல்சிக்கையும் வாருங்கள் என்று அவள் அழைக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. பேருந்து இறக்கத்தில் திரும்பி மறைந்தது.

கியுன்சோப் கைவைத்த கைபேசிகள் சந்தையில் நூற்றுக்குமேல் இருக்கும். சாவுக்கூடத்தின் முகவரி சேர்க்கப்பட்டிருந்தது அவருடைய ஒன்றில் மட்டும்.